ஒரு ரூபாய்க்கு ஒரு முழம்

“‘டாலர் இன்னும் ரெண்டு ரூவா ஏறிச்சின்னா என் முட்டு தாங்காதுடி செண்பகம், ஒனக்கென்ன, தரையில இருக்கே, நிம்மதி’ங்கா. இதே வார்த்தை. ஒரு எழுத்து நான் கூட்டலை, கொறைக்கலை. நான் தரையில இருக்கேனாம். நிம்மதியா இருக்கேனாம்!”

தோசைக் கரண்டியை ஆட்டிக்கொண்டு செண்பகவல்லி இதைச் சொன்னபோது அவள் புருஷன் ஆறுமுகநயினார் நான்காவது தோசைக்குத் தட்டை நீட்டியிருந்தார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கின மனுஷன். உயரத்தைப் பற்றி அவருக்குத் தனியாக அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது.

“முட்டு வலிக்குன்னுதானே ஏளா சொல்லியிருக்கா.”

“அது முட்டுவலி இல்லை, பீத்தல். மருந்துக்கடையில அதுக்குத் தைலம் கெடையாது.”

“சரி, தோசையைப் போடு.”

தோசை வந்தது. கருகி வந்தது.

அப்படிச் சொன்ன எதிர்வீட்டுக்காரி உலகம்மாளின் வீடு அன்றைக்குத் தெருவிலிருந்து பதினோரு முழம் மேலே நின்றுகொண்டிருந்தது. பாளையங்கோட்டை செவந்தி நகர் மூன்றாம் தெருவில் இதை யாரும் அண்ணாந்து பார்ப்பதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. உலகம்மாளின் மகன் சங்கரலிங்கம் டெக்ஸாஸிலிருந்து அனுப்பிய பணத்தில் அந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய நாளில் ஒரு டாலர் எழுபத்திரண்டு ரூபாய். அது எழுபத்து மூன்றான அன்று காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்து காலை வைத்த உலகம்மாளுக்குப் படி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழம் வெறுங்காற்று அகப்பட்டது. “ஏ முருகா” என்று ஒரு சத்தம் போட்டு, வாளியோடு வாசலில் உட்கார்ந்து, மெதுவாக வழுக்கி இறங்கி, தெளித்து, கோலம் போட்டு, மறுபடி ஏற முடியாமல் பால்காரரைக் கூப்பிட்டாள். அவர் கேனைக் கவிழ்த்துப் போட்டு ஏறச் சொன்னார். அவ்வளவுதான், அன்றைக்கு அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை, ஏனென்றால் அன்றைக்குக் கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிற நாள்.

பிறகு டாலர் ரூபாய்க் கணக்கில் ஏறினால் வீடு முழக்கணக்கில் ஏறியது, காசுக் கணக்கில் ஏறினால் விரல் கணக்கில் ஏறியது, இறங்கினால் இறங்கியது, தெருவும் அதற்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொண்டது. வெல்டிங் பட்டறைக்காரர் நீட்டி மடக்குகிற மாதிரி ஒரு இரும்புப் படிக்கட்டு செய்து கொடுத்தார். சிலிண்டர் போடுகிறவர் ஏழு முழம் வரைக்கும் ஒரு கூலி, அதற்கு மேலே வேறு கூலி என்றார். கார்ப்பரேஷன்காரர்கள் வந்து, இது மாடியா தரைத்தளமா, எந்தக் கணக்கில் வரி போடுவது என்று அந்த வீட்டின் நிழலிலேயே நின்று ஒரு மணி நேரம் வாதாடி, இறக்கி அனுப்பப்பட்ட காப்பியைக் குடித்துவிட்டு, ‘டாலர் ஒரு நிலைக்கு வந்தபின் பரிசீலிக்கலாம்’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஆறுமுகநயினார் மாசம் ஒரு தடவை கம்பத்தில் ஏறி அந்த வீட்டு ஒயருக்கு நீளம் விட்டார். அம்மன் சப்பரம் தெருவுக்குள் வந்தால் உலகம்மாள் தேங்காய் பழத் தட்டைக் கயிறு கட்டிய கூடையில் இறக்குவாள், பூசாரி அர்ச்சனை செய்து, திருநீறு மடித்து வைத்து, கயிற்றை இரண்டு தடவை சுண்டுவார், கூடை ஏறிவிடும். வீட்டுக்கு அடியில் ஆட்டோக்கள் நின்றன, இஸ்திரி வண்டி நின்றது, நாய் குட்டி போட்டது. ஊரிலேயே மழையில் கலையாத கோலம் உலகம்மாள் போட்ட கோலம்தான். கல்யாணத் தரகர் ‘பையனுக்கு என்ன வேலை’ என்று கேட்பதை விட்டுவிட்டு ‘வீடு எத்தனை முழம்’ என்று கேட்கப் பழகினார்.

எல்லோரும் பழகினார்கள். செண்பகவல்லியால் முடியவில்லை.

எப்படி முடியும்? இரண்டு வீட்டுக்கும் ஒரே கொத்தனார், ஒரே செங்கல் சூளை, ஒரே வருஷம். செண்பகவல்லி கான்வென்டில் படித்தவள், மதர் சுப்பீரியர் கையால் பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கியவள். உலகம்மாள் எட்டாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை, அமெரிக்காவிலிருந்து வரும் பார்சலில் ‘பீனட் பட்டர்’ என்று எழுதியிருப்பதை வாசிக்கச் செண்பகவல்லியைத்தான் கூப்பிடுவாள். காலையில் பல் தேய்க்க வாசலுக்கு வருகிற செண்பகவல்லி, வாய் நிறைய நுரையோடு, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி எதிர்வீட்டுக்கு அடியில் தெரிகிற ஆகாசத்தை அளப்பாள். ஆகாசம் குறைந்திருந்தால் அன்றைக்கு வீட்டில் கேசரி. கூடியிருந்தால் ரசம், அதுவும் நேற்றைய ரசம்.

இதில் தாங்க முடியாத சங்கதி என்னவென்றால் உலகம்மாள் நல்லவள். பாதாம் வந்தால் பாதியைக் கீழே அனுப்புவாள், மதினி கேட்டாள் கொழுந்தி கேட்டாள் என்று ஒளித்து வைக்க மாட்டாள். அவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்து தொலைத்திருந்தால் செண்பகவல்லிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

கருகிய தோசை தின்ற அன்று சாயங்காலம் முடிவு ஆகிவிட்டது.

“மதியை அமெரிக்கா அனுப்புதோம். படிக்க.”

மதிவதனி அவர்களுடைய ஒரே மகள். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை, மூன்று சிநேகிதிகளோடு ஒரு அறை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூக்கம். அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. “நான் இங்க சந்தோஷமா இருக்கேம்மா” என்று போனில் சொன்னாள். “ஒன் சந்தோஷத்துல வீடு ஒரு விரல் எழும்புமாட்டி?” என்று செண்பகவல்லி கேட்டாள். மகள் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாள். அவளும் அம்மாவின் முகத்தை எதிர்வீட்டின் நிழலில் பார்த்துப் பழகியவள்தான்.

விஷயம் கேள்விப்பட்டுத் தெருக்கோடி எபனேசர் சார் வந்தார். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பேங்கில் இருபத்தைந்து வருஷம் அந்நியச் செலாவணி கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர், எதையும் ஆரம்பத்திலிருந்து சொல்கிற வியாதி உள்ளவர்.

“அம்மா, டாலர்ங்கிறது ஒரு பக்கமா மட்டும் வேலை செய்யிற சாமான் இல்லை. அந்தம்மா வீட்டுக்கு அங்கயிருந்து இங்க வருது. ஒரு டாலர் வந்தா முன்னைக்கு எழுபத்திரண்டு, இப்பம் எண்பத்து மூணு. நீங்க என்ன செய்யப் போறீங்கன்னா—”

“சார், காப்பி ஆறுது.”

“ஆறட்டும்மா. நீங்க இங்கயிருந்து அங்க—”

“பிள்ளை அமெரிக்காவுல இருக்கணும், வீடு ஏறணும். தெருவே பாத்துக்கிட்டிருக்கு. இதுல என்ன சார் அங்கயிருந்து இங்க, இங்கயிருந்து அங்க? நீங்க இன்னும் கவுன்டர்லதான் இருக்கீங்க.”

எபனேசர் சார் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். வீட்டுப் பத்திரம் பேங்குக்குப் போனது, நாற்பது லட்சம் கடன் வந்தது, மதிவதனி இரண்டு பெட்டியும் ஒரு ஊறுகாய் ஜாடியுமாக ஒஹாயோவுக்குப் போனாள். செண்பகவல்லி முக்குப் பிள்ளையாருக்குப் பதினோரு தேங்காய் உடைத்து, டாலர் நூறைத் தொடட்டும் என்று வேண்டிக்கொண்டாள். எத்தனையோ வேண்டுதலுக்குத் தும்பிக்கையை ஆட்டாத பிள்ளையார் அன்றைக்குப் பார்த்து வேறு வேலையில்லாமல் இருந்திருக்கிறார், காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டார்.

முதல் கட்டணம் போய்ச் சேர்ந்து, டாலர் எண்பத்து நாலைத் தொட்டது என்று டிவியில் சொன்ன மறுநாள், செண்பகவல்லி ஐந்து மணிக்கே தலை முழுகி, பட்டுச்சேலை கட்டி, கீழே குதிக்கும்போது தடுக்காமல் கொசுவத்தைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, தெருவே பார்க்கட்டும் என்று கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். எதிரே தார்ரோடு முழங்கால் உயரத்துக்கு நின்றது. அவள் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். கருங்கல் ஜல்லி, அதற்குக் கீழே செம்மண், செம்மண்ணுக்குள் யாரோ எப்போதோ போட்ட ஒரு சோடா மூடி.

“என்னத்தடி தேடுதே செண்பகம், இம்புட்டுக் காலையில?” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

“கம்மல் திருகாணி விழுந்துட்டுக்கா,” என்றாள்.

அப்போதிருந்து டாலர் ஒரு ரூபாய் ஏறினால் எதிர்வீடு ஒரு முழம் ஏறியது, இந்த வீடு ஒரு முழம் இறங்கியது. ஏறுகிற வீட்டுக்குப் பழகிய தெரு இறங்குகிற வீட்டுக்கும் பழகியது, சொல்லப்போனால் சீக்கிரமே பழகியது. வாசலில் கல்படி வெட்டிக் கொடுத்தார்கள். மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் சுற்றிலும் ஒரு வரப்பு கட்டிக் கொடுத்தார்கள். பால்காரர் முதலில் குனிந்தார், பிறகு உட்கார்ந்தார், பிறகு ஜன்னல் வழியாக விட்டார். “கோடைக்கு நல்ல குளிர்ச்சியா இருக்குமே” என்று இஸ்திரிக்காரர் பெண்டாட்டி ஆறுதல் சொன்னாள். ஆறுமுகநயினார் தன் வீட்டு ஒயருக்கும் நீளம் விட்டுவிட்டு, “மேல போனாலும் ஒயர் வேணும், கீழ போனாலும் ஒயர் வேணும்” என்றார். அந்த வருஷம் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

நாலு முழம் இறங்கிய பிறகு செண்பகவல்லி எபனேசர் சார் வீட்டுக்குப் போனாள். காப்பி கொடுக்கவில்லை என்று வருத்தப்படுகிற நிலையில் அவள் இல்லை.

“சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சுருக்கமா. அவ மட்டும் எப்படி ஏறுதா?”

“அவங்க ஏறலையேம்மா.”

அவர் உள்ளே போய் ஒரு ரசமட்டத்தை எடுத்து வந்தார், கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழலுக்குள் ஒரு நீர்க்குமிழி நிற்குமே, அது. உலகம்மாள் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடியில் இதை வைத்து வருஷம் ஒரு தடவை மேற்கே பொதிகைமலையைப் பார்ப்பாராம். பால் காய்ச்சிய வருஷம் அந்தக் கோடு எந்தப் பாறையில் முட்டியதோ இந்த வருஷமும் அதே பாறையில் முட்டுகிறதாம். ஆனால் வருஷா வருஷம் சர்ச்சின் ஊசிக்கோபுரம் கொஞ்சம் தாழ, தண்ணீர்த்தொட்டி கொஞ்சம் தாழ, பனைமரத்து உச்சியெல்லாம் கொஞ்சம் தாழ...

“அந்த வீடு நின்ன இடத்துல நிக்குதும்மா. ஊர்தான் எறங்குது. பெட்ரோல் டாலர்ல வருது, பாமாயில் டாலர்ல வருது, தங்கம் டாலர்ல வருது. எல்லாரும் ஒண்ணா எறங்குறதுனால ஒருத்தருக்கும் தெரியலை, பருப்பு விலை கூடிப்போச்சுன்னு மட்டும் சொல்லிக்கிடுதோம். நீங்க ஊரோட சேந்து ஒரு தடவை எறங்குதீங்க, அந்தப் பிள்ளைக்குக் கட்டணம் அனுப்பி இன்னொரு தடவை எறங்குதீங்க. அதைத்தான் நான் அன்னைக்கு—”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்.”

எபனேசர் சார் குமிழியைப் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் செண்பகவல்லிக்கு நெஞ்சு எரிந்தது. ஏறியவள் என்றால் பொறாமைப்படலாம், என்றைக்காவது விழுவாள் என்று காத்திருக்கலாம். சும்மா நின்ற இடத்தில் நிற்கிறவளை என்ன செய்ய? ஊரே கீழே போகும்போது அசையாமல் நின்று, பாதாம் சாப்பிட்டுக்கொண்டு, முட்டு வலிக்கிறது என்கிறாளே!

மகள் படிப்புக்குக் கடைசிக் கட்டணம் ஒன்று மிச்சமிருந்தது. அதைக் கட்டினால் பட்டம். தவறினால் அதுவரை கட்டிய மூன்று கட்டணமும் தண்ணீரில் போட்டதுதான், பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். பேங்கில் போய்ப் பார்த்தால் கடன் நாற்பது லட்சம் நாற்பது லட்சமாகவே இருந்தது, ஆனால் அந்த நாற்பது லட்சம் முன்னை மாதிரி அத்தனை டாலராக இல்லை; எண்பத்து மூன்றில் போட்ட கணக்கு எண்பத்தெட்டில் வந்து நின்றபோது, யாரும் ஒரு பைசா திருடாமல், இரண்டாயிரத்து முந்நூறு டாலர் காணாமல் போயிருந்தது. அடமானத்தைக் கூட்டிக் கொடுக்க முடியுமா என்று மதிப்பிட வந்த ஆள் தெருவில் நின்று அங்குமிங்கும் பார்த்துவிட்டு, “வீடு எங்கம்மா இருக்கு?” என்று கேட்டார்.

“இங்க ஒரு காப்பி அஞ்சு டாலரும்மா,” என்றாள் மதிவதனி போனில். “நான் குடிக்கிறதில்லை. எதைப் பாத்தாலும் எண்பத்தெட்டால பெருக்கிருதேன். பெருக்கிப் பெருக்கி எனக்குப் பசியே போயிட்டு. பேசாம வந்திரட்டுமா?”

“வாயை மூடு. கட்டுதோம்.”

மறுநாள் பத்து மணிக்கு உலகம்மாள் கீழே வந்தாள். பதினாறு முழப் படிக்கட்டில் ஒவ்வொரு தட்டிலும் உட்கார்ந்து எழுந்து, தெருவைக் கடந்து, அங்கிருந்து மறுபடி செண்பகவல்லி வீட்டுக் கல்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, அடுப்படி வாசலில் மூச்சு வாங்க நின்றாள்.

“மதி என் மவன்கிட்டப் பேசினாளாம். ஒண்ணும் கேக்கலை, சும்மாதான் பேசியிருக்கா. அவனுக்குக் குரல்லயே தெரிஞ்சு போச்சு. நான் சொல்லுததக் கேளு. அவன் அங்கயே டாலராக் கட்டிரட்டும். நீ எனக்கு இங்க ரூவாயாக் குடு, இப்பம் வேண்டாம், ஒனக்கு எப்பம் முடியுதோ அப்பம். எண்பத்தெட்டும் வேண்டாம், எண்பத்தாறுன்னு போட்டுக்கிடுவோம். ஒன் வீடும் எறங்காது, என் வீடும் ஏறாது.”

அதைவிடச் சுத்தமான வழி அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றியிருக்காது. செண்பகவல்லிக்கும் அது தெரிந்தது. ஆனால் அவள் காதில் அதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்து, அங்கேயே கிடந்து குத்தியது.

“எண்பத்தாறா?”

“ஆமா. அதுக்கென்ன?”

“ஊருக்கு எண்பத்தெட்டு, எனக்கு எண்பத்தாறோ? ஆடித் தள்ளுபடியாக்கா? பழைய சேலை குடுக்கிற மாதிரி ரெண்டு ரூவாயைக் கழிச்சுக் குடுக்கீயளோ? நாங்க தள்ளுபடியில பிள்ளையைப் படிக்க வைக்கலை.”

“ஏ, நான் அப்படி நெனைச்சுச் சொல்லலைடி...”

“நீங்க எப்படி நெனைச்சாலும் மேல இருந்துதானே நெனைக்கீய.”

உலகம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள். “சரிடி” என்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கல்படி ஏறி, தெருவைக் கடந்து, இரும்புப் படிக்கட்டில் ஒவ்வொரு தட்டாக ஏறினாள். செண்பகவல்லி அடுப்படி வெண்டிலேட்டருக்குக் கீழே அண்ணாந்து நின்று, அந்தக் கால்கள் ஒவ்வொரு தட்டிலும் நின்று நின்று போவதைக் கடைசித் தட்டு வரை எண்ணினாள்.

ஒன்பது நாளில் டாலர் தொண்ணூற்றொன்று. ஏன் என்று டிவியில் நாலு பேர் நாலு காரணம் சொன்னார்கள். செவந்தி நகரில் யாரும் காரணம் கேட்கவில்லை, படிக்கட்டுக்கு இன்னும் மூன்று தட்டு வெல்டிங் வைக்கச் சொன்னார்கள். செண்பகவல்லியின் வீடு எட்டு முழமும் இறங்கி முடித்தது. மொட்டைமாடி தார்ரோட்டுக்குச் சமமாக வந்துவிட்டது. பிள்ளைகள் அதில் ஸ்டம்பு ஊன்றி கிரிக்கெட் ஆடின, ஆடுகள் காயப்போட்ட வடகத்தை மேய்ந்துவிட்டுப் போயின, புதிதாக வந்த தபால்காரர் அதன் மேலேயே நின்றுகொண்டு மூன்றாம் தெருவில் பதினாலாம் நம்பர் வீடே கிடையாது என்று எழுதித் திருப்பி அனுப்பினார். தாலிச்சங்கிலி தவிர மற்றதெல்லாம் விற்றாயிற்று. விற்றும், எண்பத்தெட்டில் இரண்டாயிரத்து முந்நூறாக இருந்த பள்ளம் மூடவில்லை, டாலர் ஏற ஏற அடி தோண்டிக்கொண்டே போனது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்றைக்கு வியாழக்கிழமை.

“போய்க் கேளேன்,” என்றார் ஆறுமுகநயினார், பகலிலும் எரிகிற விளக்கு வெளிச்சத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டு. “கேட்டா என்ன கொறைஞ்சா போவே?”

“இதுக்கு மேல கொறைய என்ன இருக்கு?” என்று எழுந்தாள்.

பதினோரு மணி வெயிலில் செண்பகவல்லி கல்படி வழியாகத் தன் மொட்டைமாடிக்கு ஏறி வந்து, பிள்ளைகளின் ஸ்டம்புக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்தாள். பத்தொன்பது முழம். படிக்கட்டைக் காணோம், வெல்டிங்காரர் பட்டறைக்கு எடுத்துப் போயிருந்தார், சாயங்காலம்தான் வரும் என்று ஆட்டோக்காரர் ஒருவர் சொன்னார். மேலே ஜன்னல் திறந்திருந்தது, கடுகு தாளிக்கிற வாசம் வந்தது, வளையல் சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. ஜன்னலுக்குப் புதுத் திரை, கிளிப்பச்சை, வெள்ளிச் சரிகைக் கரை. இந்த ஊர்த் துணி மாதிரித் தெரியவில்லை. கெஜம் என்ன விலை இருக்கும் என்று அந்த நேரத்திலும் அவள் மனசு கணக்குப் போட்டது, போட்டதைத் தொண்ணூற்றொன்றால் பெருக்கியது, பெருக்கி வந்ததைப் பார்த்து வயிறு எரிந்தது.

“யக்கா,” என்றாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். “யக்கா, ஒலகம்மாக்கா. தொண்ணூத்தொண்ணே போட்டுக்கிடுங்கக்கா. இன்னைக்கு என்ன வெலையோ அதே போடுங்க.”

பக்கத்து அறை ஏசி மிஷின் சத்தம் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. திரை உள்ளே ஒரு தடவை இழுபட்டு மறுபடி வெளியே வந்து ஆடியது.

அவள் கையிரண்டையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டாள். பிள்ளைகள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் நகரட்டும் என்று காத்து நின்றார்கள்.

“எண்பத்தாறுன்னே போட்டுக்கிடுங்கக்கா,” என்று கத்தினாள். “தள்ளுபடியாவே இருக்கட்டும்.”

தாளிப்பு அடங்கி, குழம்பு கொதிக்கிற வாசம் இறங்கி வந்தது. கான்வென்டில் கோப்பை வாங்கித் தந்த குரல் அவளுக்கு ஒருபோதும் இப்படிச் சன்னமாகக் கேட்டதில்லை.

“யக்கா, காசு வேண்டாம்க்கா... ஒரு நிமிசம் கீழ எறங்கி வாங்கக்கா.”